ஆறாம் நம்பர் கால்

ஈப்போ பழைய பட்டணத்துக் கடைவீடு ஒன்றின் மாடியில் மலையோர எல்லைக்கல் வாரியம் இயங்கிவந்தது. அதன் கீழ்த்தளத்தில் ஜைனுலாப்தீன் என்பவரின் சப்பாத்துக் கடை இருந்தது. வாரிய ஊழியர்களுக்கு மலையேறுவதற்குக் காலில் போடும் சப்பாத்துகள் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தன. இந்த மூன்று செய்திகளையும் சேர்த்துப் படித்துக் குழம்புகிறவர்களுக்கு வாரியத்தின் வேலைமுறை தெரியாது என்று அர்த்தம். அதை முதலில் விளக்கிவிடுகிறேன். விளக்க விளக்கச் சுவை கூடுகிற விஷயம் அது.

பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் மலைச்சரிவுகளில் எல்லைக்கற்கள் நடப்பட்டிருந்தன. நட்ட கற்கள் நட்ட இடத்தில் இருக்கின்றனவா என்று வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பது வாரியத்தின் கடமை. கற்கள் அதுவரை எங்கும் போனதில்லை. ஆனால் யாராவது ஏறிப் பார்த்தால்தானே அது தெரியும்?

ஏறிப் பார்த்தவர் பத்துமலை. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், வயது முப்பத்தெட்டு, வாரியத்தில் ஏழு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. பெரும்பாலும் வெறுங்காலோடும், மழைக்காலத்தில் மட்டும் மரம் வெட்டுகிறவர்கள் போடும் ரப்பர் சப்பாத்தோடும் மலைக்குப் போய்வந்தார். அவர் மனைவி வீரம்மா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், அதாவது ரப்பர் மரங்களைக் கீறிப் பால் எடுத்தாள்.

1979-ஆம் வருடம் தோட்ட நிர்வாகம் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போடுவதென்று முடிவு செய்தது. ஜனவரி முடிவதற்குள், பத்துமலையும் மற்றத் தொழிலாளர்களும் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வாரியத்தின் நிரந்தர ஊழியர்களுக்கு வீடு உண்டு. இரண்டு அறை, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். அந்த வருடம் ஒரேயொரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலேகாலுக்குள், அதாவது அலுவலக நேரம் முடிவதற்குள், மலையேற்றத் தேர்வில் தேறித் தாளில் முத்திரை வாங்கிவிட்டால் அந்த இடம் பத்துமலைக்கு. தவறினால் வருடம் மாறும்போது இடமும் ஏட்டிலிருந்து தானாக மறைந்துவிடும்.

மலையைப் பற்றிப் பத்துமலைக்கு எந்தக் கவலையும் இல்லை. கவலையெல்லாம் தேர்வின் நாலாவது விதியில் இருந்தது: 'தேர்வர், அளவுப் படிவத்தில் கண்ட எண் பொறித்த தோல் சப்பாத்தை அணிந்து ஏற வேண்டும்.'

தபாலில் சப்பாத்து வாங்கும் திட்டத்தை அந்த வருடம்தான் தொடங்கியிருந்தார்கள். தொடக்க விழாவில் வாரியத்தின் தலைமை அதிகாரி சதாசிவம் பேசினார். எல்லைக்கல் ஒன்றைக்கூட நேரில் பார்த்திராத அவர், அவற்றைப் பற்றி மூன்று அறிக்கைகள் எழுதியவர்.

"கடைக்குப் போனால் என்ன நடக்கிறது?" என்று அவர் கேட்டார். "ஒருவர் ஒரு சப்பாத்தைப் போட்டுப் பார்க்கிறார். கழற்றுகிறார். வேறொன்றைப் போடுகிறார். இது முடிவெடுக்கத் தெரியாதவர்கள் செய்கிற காரியம். தபாலில் இந்தத் தடுமாற்றத்துக்கு இடமே இல்லை. எது வருகிறதோ அதுதான்."

கீழே இருக்கும் கடையில் வாங்கலாமே என்று யாரோ ஒருவர் கேட்டதற்கும் அன்றே பதில் கிடைத்தது. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு கடையில் வாங்குவது, தூரத்தில் இருக்கும் கடைகளுக்குச் செய்யும் அநீதி.

திட்டம் வேலை செய்த விதம் இது. அளவுப் படிவம் மூன்று பிரதிகள் கொண்டது: வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை. இடையில் கரித்தாள். படிவத்தின் நடுவில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஊழியர் வலது காலை வைக்க வேண்டும். கிராணி, அதாவது குமாஸ்தா, பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட வேண்டும். இடது காலுக்குக் கட்டம் இல்லை. 'மற்ற கால்: மேற்படி' என்று அச்சிலேயே இருந்தது. கோட்டின் நீளத்தை அடிக்கோலால் அளந்து, பட்டியலில் பார்த்தால் நம்பர் கிடைத்துவிடும். வெள்ளைத் தாள் இங்கிலாந்துக்கு, இளஞ்சிவப்பு கோப்புக்கு, பச்சை மற்ற இரண்டும் தொலைந்தால் பார்ப்பதற்கு. குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

வாரியத்தின் கிராணி சன்னாசி. சாந்தமான மனிதர். ஏப்ரல் மாதம் ஒரு காலையில் அவர் படிவத்தைத் தரையில் விரித்து, வலது காலை வைக்கும்படி பத்துமலையிடம் சொன்னார். பத்துமலை காலைத் தூக்கினார், வைக்கவில்லை.

"எழுத்து இருக்கே, கிராணி."

சன்னாசி குனிந்து பார்த்தார். படிவம் முழுக்க எழுத்துதான். இரண்டு பேருமே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். தவறிப்போய்ப் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அவர்களால் அடுத்த அடி வைக்க முடியாது. போதாததற்குக் கட்டத்துக்கு நேர் மேலே வாரியச் சின்னம் வேறு இருந்தது. சின்னத்தை மிதிப்பதா? சன்னாசி நிமிர்ந்து யோசித்தார். அவர் இருபது வருடம் கோப்புகளுக்கு நடுவே வாழ்ந்தவர், வழி கண்டுபிடித்துவிட்டார்.

"வைக்க வேணாம்லா. தாள்ல படாம மேல தூக்கிப் புடிங்க. நான் சுத்தி வரைஞ்சுடறேன்."

பத்துமலை இரும்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைப் படிவத்துக்கு அரை அங்குலம் மேலே நிறுத்தினார். சன்னாசி தரையில் படுத்து வரைந்தார்.

இங்கே கால் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். காலின் அடியில் ஒரு வளைவு இருக்கிறது. உடம்பின் எடை இறங்கும்போது அந்த வளைவு தாழ்ந்து, கால் நீளும்; விரல்கள் விரிந்து, அகலமும் கூடும். எடை இல்லாமல் தொங்குகிற கால் சுருங்கியே இருக்கும். அதை அந்தரத்தில் அசையாமல் பிடித்திருக்க முயன்றால் விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். சப்பாத்து நம்பர்களோ அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்று என ஏறுகின்றன. பத்துமலையின் கால் தரையில் எட்டு. அந்தரத்தில் ஆறு. வாரியம் அளந்தது அந்தரத்துக் காலை. மலை இருந்தது தரையில்.

சன்னாசி தன் முறையைக் கோப்பில் குறித்துவைத்தார். சதாசிவம் அதைப் படித்து மகிழ்ந்து, இனி எல்லாரையும் இப்படித்தான் அளக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தமது காலையும் அவ்வாறே தூக்கிப் பிடித்து, தமக்கும் ஒரு ஜோடி எழுதிப் போட்டார்.

செப்டம்பரில் பெட்டி வந்தது. நல்ல கறுப்புத் தோல், கனத்த அடிப்பகுதி, உள்ளே 6 என்று அழகாகப் பொறித்திருந்தது. பத்துமலையின் விரல்கள் உள்ளே போயின. குதிகால் வெளியே நின்றது. எண்ணெய் தடவிப் பார்த்தார், சப்பாத்துக் கரண்டி வைத்துப் பார்த்தார். குதிகால் கடைசிவரை இணங்கவில்லை. சதாசிவத்தின் ஜோடியும் அதே பெட்டியில்தான் வந்திருந்தது. மிகச் சரியாக இருப்பதாக அவர் சொன்னார். மேசைக்கு அடியில் அணிந்து, மேசைக்கு அடியிலேயே கழற்றிவைத்தார்.

சப்பாத்து சேரவில்லை என்று பத்துமலை எழுதிக் கொடுத்ததும் பொருத்த விசாரணைக் குழு கூடியது. தலைவர் சதாசிவம், செயலாளர் சன்னாசி. மூன்றாவது உறுப்பினர் விடுப்பில் இருந்தார். குழு தொடங்கிய நாளிலிருந்தே அவர் விடுப்பில்தான் இருக்கிறார். பத்துமலை சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சதாசிவம் சப்பாத்துக்குள் என்ன நம்பர் என்று கேட்டார். ஆறு என்றார் சன்னாசி. படிவத்தில் என்ன நம்பர் என்று கேட்டார். அதுவும் ஆறு.

"ஆறுக்கு ஆறு சரியா இருக்கு," என்றார் சதாசிவம். "அப்புறம் எது பொருந்தல?"

"குதிங்கால் உள்ள போவல, துவான்."

"நான் நம்பரைக் கேட்டேன்."

"நம்பர் பொருந்துது துவான்."

"பாத்தியா." சதாசிவம் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை, பொறுமையாக விளக்கினார். "சப்பாத்துல தப்பு இல்ல. படிவத்துல தப்பு இல்ல. ரெண்டையும் கழிச்சா மிச்சம் என்ன இருக்கு?"

சன்னாசி கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு பத்துமலையின் காலைப் பார்த்தார். பத்துமலையும் குனிந்து பார்த்தார்.

ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் கால் வீங்கியிருக்க வேண்டும் என்று குழு முடிவுசெய்து, அவரைப் பத்து காஜா மருத்துவமனைக்கு அனுப்பியது. அங்கே இருந்த டாக்டர் இரண்டு காலையும் தட்டிப் பார்த்து, சப்பாத்தையும் வாங்கிப் பார்த்து, சான்றிதழில் இரண்டு வரி எழுதினார்: 'கால் நன்றாக இருக்கிறது. சப்பாத்து சிறியது.' குழு முதல் வரியை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது வரி மருத்துவத்துக்கு வெளியே இருந்ததால் அதை ஏற்க வழியில்லை. கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டபடியால் புகார் முடிந்தது.

டிசம்பர் முதல் வாரம் அது. பத்துமலை பதினெட்டுப் படிகளும் இறங்கிவந்து, கடைக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையில் தூணோரம் உட்கார்ந்தார். வீரம்மா அன்று காலை பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள். எந்த வீட்டுக்குக் கட்டுகிறோம் என்று அவள் கேட்கவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

எட்டு மாதமாக அவர் சப்பாத்து விஷயமாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜைனுலாப்தீன் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். வெள்ளைத் தொப்பியும் நரைத்த தாடியும் சட்டைப்பையில் சாக்குக்கட்டியுமாக இருந்தவர், முதலில் பார்த்தது பத்துமலையின் முகத்தை அல்ல.

"எட்டு," என்றார். "வலது எட்டு. இடது எட்டுக்குக் கொஞ்சம் கூட. உள்ள வாங்க தம்பி."

அதன் பிறகு நடந்ததைச் சற்று நிதானமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். ஜைனுலாப்தீன் அவரை உடனே அளக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வரச் சொன்னார். காலையில் கால் சின்னதாக இருக்கும். நடந்து நடந்து பகலில் பெரிதாகும். மலையேறுகிறவனுக்குப் பெரிய கால்தான் கணக்கு. திரும்பி வந்தவரைத் தாளுக்குப் பதிலாக ஒரு மரப்பலகை மேல் ஏற்றி, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்கச் சொல்லி, சாக்குக்கட்டியால் இரண்டையும் தனித்தனியாக வரைந்தார். அப்புறம் நாடாவைக் குதிகாலிலிருந்து மேற்பாதத்துக்குச் சாய்வாகச் சுற்றினார். ஏறும்போது கால் பின்னால் சறுக்காமல் பிடித்திருப்பது அந்த இடம்தானாம். இறங்கும்போது கால் முன்னால் தள்ளுமாம். அதற்காக விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டார்.

பத்து நாள் கழித்துச் சப்பாத்து தயாரானபோது வீரம்மா வளர்த்த கோழிகளில் ஆறு அதன் விலைக்குப் போயிருந்தன. போட்டுப் பார்த்தால் போதாது என்றார் ஜைனுலாப்தீன். சரிவில் நடந்து பார்க்க வேண்டும். சரிவுக்கு அவர் பயன்படுத்தியது வாரியத்தின் மாடிப்படியை. பத்துமலை பதினெட்டுப் படி ஏறி, கதவு வரைக்கும் போய், திரும்பி இறங்கினார். பன்னிரண்டு முறை. கதவுக்கு உள்ளே இருந்த சதாசிவம், பொதுமக்கள் வந்து வந்து திரும்பிப் போகிறார்கள் என்று எண்ணி, வருகையாளர் பதிவேட்டில் பன்னிரண்டு என்று குறிக்கச் சொன்னாராம்.

சப்பாத்து காலில் இருந்ததே பத்துமலைக்குத் தெரியவில்லை. அதுதான் சரியான அளவுக்கு அடையாளம் என்றார் ஜைனுலாப்தீன். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போக முடியாதே என்று பத்துமலை விதித்தாளை எடுத்து நீட்டினார். ஜைனுலாப்தீன் கண்ணாடியை மாட்டி நாலாவது விதியை இரண்டு முறை படித்தார்.

"யாரு குடுத்த சப்பாத்துன்னு இதுல இல்லியே தம்பி. நம்பரு ஒண்ணுதானே கேக்கறான்?"

"ஆமாங்க பாய்."

"நான் ஒரு காலுக்குன்னு தைக்கிறவன். என் சப்பாத்துக்கு நம்பரே கெடையாது. உங்களுக்கு என்ன நம்பர் புடிக்கும்?"

எண் பொறிக்கும் அச்சை எடுத்து, இரண்டிலும் 6 என்று ஆழமாக ஒரு தட்டுத் தட்டினார்.

டிசம்பர் முப்பத்தொன்று. சுங்கை சிப்புட்டுக்கு மேலே, ஒன்பதாம் எல்லைக்கல் இருக்கும் மலையின் அடிவாரத்தில் வாரியத்தின் ஜீப் நின்றது. முத்திரையையும் மைப்பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு சன்னாசி ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். சதாசிவம் முதலில் பத்துமலையின் சப்பாத்துகளைக் கழற்றச் சொல்லி, இரண்டுக்குள்ளும் பார்த்தார். ஆறு. திருப்தி. அப்புறம் அவரே ஜீப்பிலிருந்து இறங்கினார். அவர் காலிலும் வாரியத்தின் சப்பாத்து. தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரி தேர்வருடன் ஒன்பதாம் கல்வரை சென்று, அங்கே வைத்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் விதி.

முதல் வளைவு வரை சதாசிவம் திட்டத்தின் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தார். இரண்டாம் வளைவில் இயற்கைக் காட்சியை நின்று ரசித்தார். மூன்றாவதில் உட்கார்ந்து ரசித்தார். நாலாவதில் அவர் முகம் வெளுத்து, உதடு பல்லுக்குள் போயிருந்தது. மணி ஒன்றரை. கல் இன்னும் ஒரு மைல் மேலே.

"நீ போயிட்டு வா," என்றார் சதாசிவம். "நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்."

"இங்கேருந்து தெரியாது துவான். காடு மறைக்கும்."

"அப்ப தேர்வை அடுத்த வாரம் வச்சுக்கலாம்."

அடுத்த வாரம் என்பது அடுத்த வருடம். அட்டை ஒன்று சதாசிவத்தின் முழங்காலில் ஏறிக்கொண்டிருந்தது. பத்துமலை அதைப் பிடுங்கிப் போட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரலாமே துவான் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். சதாசிவம் நிமிர்ந்து, இது மிகச் சரியாகப் பொருந்துகிறது, கழற்ற வேண்டிய அவசியம் இல்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் நின்றது.

பத்துமலை, தோட்டத்தில் போராங் என்று சொல்லும் அந்தத் தேர்வுப் படிவத்தை வாங்கி, கடைக்காரர் படித்ததுபோல் இரண்டு முறை படித்தார்.

"அதிகாரி கல்லு வரைக்கும் போவணும்னுதான் போராங்குல இருக்கு, துவான். நடந்து போவணும்னு இல்லியே."

சதாசிவம் விதிகளை மதிப்பவர். மறுக்க முடியவில்லை. பத்துமலை முதுகைக் காட்டிக் குந்தினார்.

தோளுக்குக் குறுக்கே வைக்கும் காண்டா கம்பில் இரண்டு வாளி ரப்பர்ப் பால் தூக்கி மேடு ஏறிய தோள் அது. பால் பேசாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஒரு மைல் தூரமும் சதாசிவம் அவர் காதுக்குப் பக்கத்தில், தரமான சப்பாத்து இருந்தால் மனிதன் எவ்வளவு சுமையும் தூக்கலாம் என்று விளக்கிக்கொண்டே வந்தார். ஒன்பதாம் கல் நட்ட இடத்தில் இருந்தது. அதிகாரி முதுகிலிருந்து இறங்காமலே, பத்துமலையின் தோளில் தாளை வைத்து எழுதினார்: 'கல் இருக்கிறது. தேர்வர் கூடுதல் சுமையுடன் ஏறினார். காரணம், வாரியத்தின் அளவுமுறை.' கையெழுத்துப் போட்டார். இறங்கும்போதும் அவர் இறங்கவில்லை.

அடிவாரத்துக்கு வந்தபோது மணி நாலு. சன்னாசி மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடிவந்தார். தாள் சதாசிவத்தின் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. தபால் திட்டத்தின் முதல் வெற்றி நாளில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. முதுகின் மேல் இருந்தபடியே தொண்டையைக் கனைத்தார்.

"வாரியம் தன் ஊழியர்களை ஒருபோதும் நடக்க விடாது," என்று தொடங்கினார். "ஊழியர்களின் கால்களை வாரியம் தன் கால்களாகவே பார்க்கிறது..."

நாலு ஐந்து. சன்னாசி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு எட்டு. எல்லைக்கற்களின் வரலாறு தொடங்கியிருந்தது. குறுக்கே பேச இருவருக்கும் துணிவில்லை. பத்துமலை வேண்டுமென்று செய்யவில்லை, களைப்பில் ஓர் அங்குலம் தாழ்ந்துவிட்டார். சதாசிவத்தின் சப்பாத்து தரையை நோக்கி இறங்கியது. அவர் குனிந்து தரையைப் பார்த்தார். வரலாற்றில் முப்பது வருடம் தாண்டிக் குதித்தார்.

பத்துமலை அதைக் கவனித்தார். எந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் ஒரு பிடியைக் கண்டால் அது பிடி என்று அவருக்குத் தெரியும். இன்னும் ஓர் அங்குலம் தாழ்ந்தார். 'எதிர்காலத் திட்டங்கள்' ஒரே வரியில் முடிந்தது. இன்னும் ஓர் அங்குலம். நன்றியுரை வந்தது. சப்பாத்தின் அடி புல் நுனியைத் தொட்டபோது சதாசிவம் தாளை உருவிச் சன்னாசியின் கையில் திணித்தார்.

முத்திரை விழுந்தபோது மணி நாலு பதிமூன்று.

லயத்துக்குப் பத்துமலை இருட்டுவதற்கு முன்னாலேயே நடந்து வந்துவிட்டார். வீரம்மா சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த வீட்டுக்குக் கட்டறோம்?" என்று கேட்டாள்.

"கொழா உள்ளயே இருக்கற வீட்டுக்கு."

அவள் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அப்புறம், "கையெழுத்துப் போட்ட அந்தப் பெரிய துவான் நல்லவரா இருக்காரே. வீட்டுக்குப் போயிட்டாரா?" என்றாள்.

"ஜீப்புலதான் இருக்காரு. சப்பாத்து கழல மாட்டேங்குது."

"அறுத்துட வேண்டியதுதானே?"

"வாரியத்துப் பொருளாச்சே. அதுக்கு ஒரு போராங் வேணுமாம். சன்னாசி கிராணி பஸ் ஏறி ஈப்போவுக்குப் போயிருக்காரு, எடுத்தாற."